நூறு மெகாபாஸ்கல், சரி. ஆனா எந்தத் திசையில?

கொஞ்ச நாளா ஒரு விஷயம் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. எங்க 3டி பிரிண்டிங் ஷாப்புக்கு வர்ற டிராயிங்ல கீழ் மூலையில மெட்டீரியல்னு ஒரு கட்டம் இருக்கும்ல, அதுல "பீக்"னு (PEEK, சூடு தாங்குற ஒரு உயர்ரக பிளாஸ்டிக்) மட்டும் எழுதியிருப்பாங்க. சில பேர் இன்னும் ஒரு படி மேல போயி "டென்சைல் 100 மெகாபாஸ்கல்"னும், அதாவது இழுத்தா எவ்வளவு தாங்கும்ங்குற நம்பரையும் சேர்த்திருப்பாங்க. அந்த நம்பர் பொய் கிடையாது. பீக்கை இன்ஜெக்ஷன் மோல்டிங்ல அடிச்சு, மோல்டை நல்லா சூடா வச்சு, ஒரு டெஸ்ட் பார் (சின்னப் பட்டை) எடுத்து இழுத்தா கிட்டத்தட்ட அதுதான் வரும். ஆனா அதே பீக்கை ஃபிலமென்ட்டா (கம்பி மாதிரி இழையா) மாத்தி, 3டி பிரிண்டரோட நாசில் வழியா உருக்கி, லேயர் லேயரா அடுக்கி ஒரு பார்ட் செஞ்சா அந்த 100 எங்க இருக்கு, எந்தப் பக்கம் இருக்குன்னு கேக்கவே மாட்டேங்குறாங்க. பேர் எழுதிட்டா ஸ்ட்ரென்த்தும் கூடவே வந்துடும்னு ஒரு நம்பிக்கை. டிசைன் பண்றவங்க மட்டும் இல்ல, மெஷின் விக்கிறவங்க, ஃபிலமென்ட் விக்கிறவங்க, யூட்யூப்ல ரிவ்யூ போடுறவங்க எல்லாருமே அந்த நம்பிக்கையை வளத்து விடுறாங்க. எனக்கு இதுல கடுமையான கருத்து இருக்கு, அதை இங்க கொட்டிடுறேன்.

பீக் ஏன் இவ்வளவு மரியாதையான பிளாஸ்டிக்னு ரொம்ப விளக்க வேண்டாம்னு நினைக்கிறேன். 1970கள் கடைசியில இங்கிலாந்துல ஐசிஐ கம்பெனி உருவாக்கினது, பின்னாடி 1993ல அதுலருந்து விக்ட்ரெக்ஸ் தனியா பிரிஞ்சுது. 343 டிகிரியில உருகும், 143 டிகிரியில கண்ணாடி நிலையிலருந்து இளகும், ஒழுங்கா படிகமாகியிருந்தா (உள்ள இருக்குற மூலக்கூறு சங்கிலி வரிசையா மடிஞ்சு அடுங்கியிருந்தா) 250 டிகிரி வரைக்கும் வருஷக்கணக்கா வேலை செய்யும், பெரும்பாலான கெமிக்கல் அதை ஒண்ணும் பண்ணாது. அதனாலதான் பம்பு, ஆயில் அண்ட் கேஸ், விமானம், எலும்பு இம்ப்ளான்ட்னு எல்லா இடத்துலயும் இருக்கு. பிரச்சனை என்னன்னா இந்த நல்ல குணம் எல்லாமே "ஒழுங்கா ஆறவிட்ட" பீக்கோட குணம். சாதா 3டி பிரிண்டர்ல போடுற பிஎல்ஏ பிளாஸ்டிக் மாதிரி எப்படி ஆறினாலும் பரவால்லன்னு விடுற ஜாதி இல்ல இது. நாசில்லருந்து 400 டிகிரி பக்கத்துல வெளிய வர்ற அந்த மெல்லிசான இழை அடுத்த சில நொடியில என்ன சூட்டுல இருந்துச்சுங்கறதுதான் பார்ட்டோட தலையெழுத்து.

அந்த இம்பெல்லர்

எங்க ஊரு கோயமுத்தூர். பம்பு இல்லாம இங்க ஒரு பேச்சும் முடியாது. இங்க கணபதி ஏரியா பக்கத்துல சின்னதா கெமிக்கல் பம்பு பண்ற ஒரு பெரியவர், ஆரம்பத்துல ஃபவுண்ட்ரியில மோல்டரா இருந்து அப்பறம் சொந்தமா ஆரம்பிச்சவர், ஒரு நாள் ஒரு உடஞ்ச இம்பெல்லரோட, அதாவது பம்புக்குள்ள சுத்தி திரவத்தைத் தள்ளுற சக்கரத்தோட வந்தார். குளோஸ்டு இம்பெல்லர், அதாவது பின்னாடி ஒரு தட்டு, முன்னாடி ஒரு தட்டு, ரெண்டுக்கும் நடுவுல வேன்கள்னு சொல்ற வளைஞ்ச இறக்கைகள். பீக்ல பிரிண்ட் பண்ணது, வேற ஒரு இடத்துல. 2900 ஆர்பிஎம்ல ஓட்டியிருக்காங்க, கொஞ்ச நாள்லயே முன் தட்டு அப்படியே கழண்டு வந்துடுச்சு. பண்ணிக் குடுத்தவங்க என்ன சொல்லியிருக்காங்கன்னா, "மெட்டீரியல்ல தப்பு இல்லைங்க, அனீல் பண்ணிதான் குடுத்தோம், நீங்க ஓவர்லோடு பண்ணியிருப்பீங்க." அனீல்னா பார்ட்டை ஓவன்ல வச்சு மெதுவா சூடாக்கி மெதுவா ஆற விடறது.

கையில வாங்கிப் பாத்தேன். நிறம் அருமையா இருந்துச்சு, நல்ல இளமஞ்சள் கலந்த சாந்து நிறம், எங்கயும் பழுப்பு இல்ல. பீக் பாக்குறவங்களுக்குத் தெரியும், படிகமாகாத பீக் தேன் மாதிரி பழுப்பா, வெளிச்சம் ஊடுருவுற மாதிரி இருக்கும், படிகமானது மங்கலா சாந்து நிறத்துல இருக்கும். எங்க ஷாப்ல மெஷின் ஓட்டுற பையன் முதல்ல பாக்குறதே நிறத்தைத்தான், அதை வச்சு ஓகேன்னு எடுத்து வைப்பான். இந்த இம்பெல்லர் அந்தப் பரிட்சையில முழு மார்க் வாங்கும். நானும் அப்ப வரைக்கும் நிறம் சரியா இருந்தா பாதி வேலை முடிஞ்சுதுன்னுதான் மத்தவங்ககிட்ட சொல்லிட்டிருந்தேன்.

பெரியவர் உடஞ்ச இடத்தை விரல்ல தடவிட்டு சொன்னார். "தம்பி, இது ஒடையலீங்க. விட்டுப் போயிருக்கு. ஒடஞ்சிருந்தா இப்படி வழுவழுன்னு இருக்குமுங்களா? எங்க காஸ்டிங்ல கோல்டு ஷட் வர்றது இப்படித்தானுங்க." ஃபவுண்ட்ரி தெரியாதவங்களுக்கு ஒரு வரியில சொல்றேன், உருக்கின இரும்பு மோல்டுக்குள்ள ரெண்டு பக்கமா ஓடி வந்து நடுவுல சந்திக்கும்போது சூடு குறைஞ்சிருந்தா, ரெண்டும் ஒட்டின மாதிரி தெரியும் ஆனா ஒண்ணா ஆகியிருக்காது, மேல பாத்தா ஒரு மெல்லிய கோடு, உள்ள பிளவு. அதுதான் கோல்டு ஷட். இரும்பு நல்ல இரும்பு, கிரேடு சரி, கெமிஸ்ட்ரி சரி, ஆனா காஸ்டிங் ஸ்கிராப்.

அந்த ஒரு வார்த்தையில எனக்கு எல்லாம் சேந்து விழுந்துச்சு. இத்தனை நாளா நாங்க படிகம் படிகம்னு பேசிட்டிருந்தோம், நிறம், அனீலிங், எத்தனை சதவீதம் கிரிஸ்டல்னு. லேயர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கா இல்லையாங்கறது வேற கேள்வி, அதுக்கு நிறம் பதில் சொல்லாது. அந்த இம்பெல்லர் படிகமும் ஆகியிருந்துச்சு, ஒட்டாமலும் இருந்துச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும். இன்னும் சொல்லப்போனா ஒண்ணு சீக்கிரம் நடந்தா இன்னொண்ணு நடக்காம போயிடும்.

ஒட்டறதுன்னா என்ன

ரெண்டு லேயர் தொட்டுக்கிட்டா ஒட்டுனதா அர்த்தம் இல்ல. பாலிமர்னா நீள நீளமான சங்கிலி, ஒண்ணோட ஒண்ணு சிக்கிக் கிடக்குறதுலதான் அதோட பலமே. கீழ் லேயர்ல இருக்குற சங்கிலியோட நுனி நெளிஞ்சு நெளிஞ்சு ரெண்டு லேயரும் சேர்ற கோட்டைத் தாண்டி மேல் லேயருக்குள்ள போகணும், மேல இருக்குறது கீழ வரணும், வந்து அங்க இருக்குற சங்கிலியோட சிக்கணும். இப்படி சங்கிலி தன் நீளவாக்குலயே ஊர்ந்து நகர்றதை 1971ல பியர் ஜில் டி ஜென்ங்குற பிரெஞ்சு விஞ்ஞானி ரெப்டேஷன்னு பேர் வச்சு விளக்கினார், 1991ல அவருக்கு இயற்பியல் நோபல் கிடைச்சுது. அவர் சொன்னதுல நமக்கு வேண்டியது ரெண்டே விஷயம், சூடு வேணும், நேரம் வேணும். சூடு குறையக் குறைய அந்த ஊர்தல் படு வேகமா மந்தமாகும், 143 டிகிரிக்குக் கீழ போயிட்டா சங்கிலி உறைஞ்ச மாதிரி, ஒண்ணும் நடக்காது. 80 டிகிரி சேம்பர்ல (பார்ட் வளர்ற மூடின அறையில) 400 டிகிரி இழையை வச்சா அந்தக் கோட்டுப் பகுதி சில நொடியில குளிர்ந்துடும். அந்த சில நொடியில என்ன ஒட்டுச்சோ அவ்வளவுதான்.

பீக்குக்கு இதுக்கு மேல ஒரு சிக்கல் இருக்கு, அதுதான் அல்டெம் மாதிரி படிகமே ஆகாத பிளாஸ்டிக்குக்கு இல்லாத சிக்கல். 143க்கும் 343க்கும் நடுவுல, தோராயமா 230 டிகிரி பக்கம் பீக் ரொம்ப வேகமா படிகமாகும். படிகமானா சங்கிலி வரிசையா மடிஞ்சு பூட்டிக்கும், அப்பறம் அது ஊர முடியாது. அதாவது சூடா வச்சிருந்தா ஒட்டும்னு சேம்பர் சூட்டை ஏத்தினா, ஒட்டி முடிக்கிறதுக்குள்ள கீழ் லேயர் படிகமாகிப் பூட்டிக்கிற ஆபத்தும் கூடவே வருது. அந்தப் பூட்டைத் திறக்கணும்னா மேல வர்ற இழை கீழ இருக்குறதோட மேல்தோலை 343க்குப் பக்கத்துல கொண்டுபோய் கொஞ்சம் உருக்கணும். கீழ் லேயர் ஏற்கனவே 200ல இருந்தா அதுக்கு வாய்ப்பு கூடும், 80ல இருந்தா ரொம்பக் கம்மி. இதனாலதான் சேம்பர் சூடு பீக்குக்கு வார்ப்பிங் (பார்ட் வளைஞ்சு கோணுறது) தடுக்குற வசதி மட்டும் இல்ல, அதுதான் பலமே. நாசில் 450 போகும்னு விளம்பரம் பண்றவங்க கிட்ட முதல்ல கேக்க வேண்டியது சேம்பர் எவ்வளவு போகும்ங்குறது.

இந்த நாசில் மோகம் எங்கருந்து வந்துச்சுன்னு யோசிச்சா அதுக்குப் பின்னாடி ஒரு பேட்டன்ட் கதையும் இருக்கு. ஸ்ட்ராட்டஸிஸ்ங்குற 3டி பிரிண்டர் கம்பெனியோட நிறுவனர் ஸ்காட் கிரம்ப் 1989ல விண்ணப்பிச்ச எஃப்டிஎம் (இழையை உருக்கி அடுக்குற முறை) பேட்டன்ட் 2009ல காலாவதியாச்சு, அதுக்கப்புறம்தான் மலிவு பிரிண்டர் வெள்ளமா வந்துச்சு. ஆனா சூடான சேம்பரை வச்சு, மோட்டாரு ரெயிலு எல்லாத்தையும் அந்த அடுப்புக்கு வெளிய வைக்கிற அமைப்புக்கு இன்னொரு பேட்டன்ட் அவங்ககிட்டயே 2021 வரைக்கும் இருந்துச்சு. நாசிலை சூடாக்குறதுக்கு யாரும் தடை சொல்லல. பிடிஎஃப்இ குழாயை எடுத்துட்டு முழு மெட்டல் ஹாட்எண்டு (இழையை உருக்குற பகுதி) போட்டு, தெர்மிஸ்டருக்குப் பதிலா தெர்மோகப்பிளோ பிடி100 சென்சாரோ வச்சா போதும், 400 தாண்டிடலாம். அதனால ஒரு காலகட்டம் முழுக்க "பீக் பிரிண்ட் பண்ணும்"னு சொன்னா "பீக்கை உருக்கும்"னுதான் அர்த்தம் ஆகிப் போச்சு. உருக்குறது ரொம்ப சுலபமான பாதி. பேட்டன்ட் மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன், 200 டிகிரி அடுப்புக்குள்ள பெல்ட்டும் பேரிங்கும் வயரும் தாங்குற மாதிரி மெஷின் கட்டறது செலவு பிடிச்ச வேலை. ஆனா பழக்கம் அப்படி ஊறிப்போச்சு, இன்னைக்கும் மெஷின் பிரோஷர்ல முதல் வரி நாசில் டிகிரிதான்.

அனீலிங் ஒரு மருந்துதான், ஆனா வேற நோய்க்கு

இந்த இடத்துல நிறைய பேர் என்கிட்ட சண்டைக்கு வருவாங்க, தெரியும். குளிர்ந்த சேம்பர்ல பழுப்பா அடிச்சுட்டு, அப்பறம் ஓவன்ல வச்சு அனீல் பண்ணா எல்லாம் சரியாயிடும்ங்குறது ஷாப்புகள்ல இருக்குற பெரிய நம்பிக்கை. அனீலிங் நல்ல விஷயம், நாங்களும் பண்றோம். மொதல்ல 150 டிகிரியில ஈரம் போக வச்சு, மணிக்கு 10 டிகிரி மாதிரி மெதுவா ஏத்தி, 200 பக்கத்துல சில மணி நேரம் நிறுத்தி, அதே மாதிரி மெதுவா 140க்குக் கீழ இறக்கி, அப்பறம் ஆஃப் பண்ணி அப்படியே ஆற விடணும். இதுல படிகம் வரும், விறைப்பு கூடும், சூட்டுல இளகாம நிக்கும், உள்ள இறுகிக் கிடந்த ஸ்ட்ரெஸ் விடும். இந்தப் படிகம் முக்கியம், சும்மா சொல்லல. பழுப்பு பீக்கை 160 டிகிரி திரவத்துல போட்டா லோடுல இளகிடும்.

ஆனா ஒட்டாத கோடு? பழுப்பு பார்ட்டை சூடாக்கும்போது 143 தாண்டினதும் சங்கிலிக்கு மறுபடி உயிர் வருது, ஊர ஆரம்பிக்குது, ஆனா கொஞ்சம் மேல போனதுமே, 170 பக்கத்துல, படிகமாகவும் ஆரம்பிச்சுடும். ஊர்றதுக்கு நேரம் கிடைக்குறதுக்குள்ள பூட்டு விழுந்துடும். கோட்டுல இருக்குற காத்துப் பை, தொடாம விட்டுப்போன இடம், இதெல்லாம் 343க்குக் கீழ எத்தனை மணி நேரம் வச்சாலும் மூடாது. கொஞ்சம் முன்னேறும், மறுக்கல. ஆனா விட்டுப் போன ஜாயின்ட் முழு ஜாயின்ட் ஆகாது. அந்த இம்பெல்லர் விஷயத்துல அனீலிங் பண்ணின பெரிய கெடுதல் என்னன்னா நிறத்தை அழகாக்கி எல்லாரையும் நம்ப வச்சதுதான்.

இன்னொண்ணு, அனீலிங்ல பார்ட் சுருங்கும். படிகமாகாத பீக்கோட அடர்த்தி 1.26, வழக்கமான படிக அளவுல 1.30. கனஅளவுல மூணு சதவீதம், அதாவது ஒவ்வொரு பக்கமும் ஒரு சதவீதம் பக்கம். 100 மில்லி விட்டம்னா ஒரு மில்லி. பம்புல வேர் ரிங் (இம்பெல்லரைச் சுத்தி இருக்குற தேயுற வளையம்) இடைவெளியே கால் மில்லி, அரை மில்லிதான் இருக்கும், யோசிச்சுப் பாருங்க. அதுவும் எல்லாப் பக்கமும் சமமா சுருங்காது.

கார்பன் ஃபைபர் பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா இம்பெல்லரைப் பாத்துட்டு பக்கத்து ஷாப் நண்பர் ஒருத்தர் உடனே சொன்னது "கார்பன் பீக்ல அடிச்சிருக்கணும்". துண்டு ஃபைபர் போட்ட ஃபிலமென்ட்ல ஃபைபர் எல்லாம் நாசில்லருந்து வரும்போது இழையோட திசையிலயே படுத்துக்கும். அதனால படுக்கைவாக்குல விறைப்பு நல்லா ஏறும், வார்ப்பிங் குறையும், அதெல்லாம் நிஜம். ஆனா கிட்டத்தட்ட எந்த ஃபைபரும் கோட்டைத் தாண்டி அடுத்த லேயருக்குள்ள போகாது. செங்குத்தா இழுக்கும்போது அங்க வேலை செய்யுறது வெறும் பீக்தான், அதுவும் கெட்டியாகிப் போனதால சரியா பரவாம காத்துப் பை விட்ட பீக். பல நேரம் ஃபைபர் இல்லாததைவிட அந்தத் திசையில குறைவாத்தான் வரும். டேட்டாஷீட்ல பெருசா போட்டிருக்குற நம்பர் எந்தத் திசைன்னு தேடிப் பாருங்க.

நிக்க வச்ச பார் கூட முழு உண்மை சொல்லாது

பெரியவர் போனதுக்கப்பறம் எங்க மெஷின்லயே ஒரே ஸ்பூல்ல, நல்லா காய வச்ச ஃபிலமென்ட்ல, படுக்க வச்சும் நிக்க வச்சும் பார் அடிச்சு லேப்ல இழுத்தோம். (காய வைக்கிறதை லேசா எடுத்துக்காதீங்க, பீக் அரை சதவீதம் அளவுக்குத்தான் தண்ணி குடிக்கும், ஆனா 400 டிகிரி நாசில்ல அந்த அரை சதவீதமே நீராவியா வெடிச்சு ஓட்டை போட்டுடும்.) படுக்க வச்சது டேட்டாஷீட் நம்பரை எட்டிப் பிடிக்கிற தூரத்துல வந்துச்சு. நிக்க வச்சது அதுல பாதிகூட வரல, நீட்சியே இல்லாம டக்குனு போச்சு. எதிர்பாத்ததுதான். சரி, அப்ப இந்த நிக்க வச்ச நம்பரை வச்சு டிசைன் பண்ணா சேஃப்னு நினைச்சேன்.

அப்பறம்தான் லேயர் டைம், அதாவது ஒரு லேயரை முடிக்க ஆகுற நேரம், ஞாபகம் வந்துச்சு. நிக்க வச்ச பாரோட குறுக்குவெட்டு சின்னது. ஒரு லேயரை சில நொடியில முடிச்சுட்டு நாசில் அதே இடத்துக்குத் திரும்பி வந்துடும், கீழ் லேயர் ஆறவே நேரம் இருக்காது. இம்பெல்லர்ல அப்படியா? வேன் மட்டும் ஏறிட்டிருக்குற வரைக்கும் லேயர் வேகமா முடியும். முன் தட்டு ஆரம்பிக்கிற இடத்துல பரப்பு திடீர்னு பெருசாகும், லேயர் டைம் நிமிஷக்கணக்குல போகும். அந்தத் தட்டோட இழை வேன் தலையில வந்து உக்கார்றதுக்குள்ள வேன் தலை சேம்பர் சூட்டுக்கு ஆறிப்போயிருக்கும். கரெக்டா அந்தக் கோட்டுலதான் அந்த இம்பெல்லர் விட்டிருந்துச்சு. பம்பு ஓடும்போது முன் தட்டுல வர்ற லோடையும் அதே கோடுதான் தாங்கணும். எது பலவீனமான லேயரோ அங்கயே லோடு. ஆக எங்க சின்ன பார் குடுத்த அந்தக் குறைஞ்ச நம்பர்கூட இந்த இம்பெல்லருக்கு ரொம்ப தாராளமான நம்பர்தான்.

இதுக்கு நாங்க இப்ப பண்றது, டெஸ்ட் பாரை தனியா அடிக்காம, பார்ட்டுக்குப் பக்கத்துலயே ஒரு தூணா அதே ஜாப்ல ஏத்துறோம். அப்ப தூணுக்கும் பார்ட்டோட லேயர் டைம்தான் கிடைக்கும், பார்ட் ஆறின மாதிரியே அதுவும் ஆறும். எந்த உயரத்துல பார்ட்டுக்கு ஆபத்தோ அந்த உயரத்துல தூணை வெட்டி இழுத்துப் பாக்கலாம். மெட்டீரியல் செலவு ஆகும்தான், பீக் ஃபிலமென்ட் விலை தெரிஞ்சவங்களுக்கு வயிறு எரியும். ஆனா அந்தத் தூண் இல்லாம குடுக்குற எந்த ஸ்ட்ரென்த் நம்பரையும் நான் இப்ப நம்புறது இல்ல.

விமானக்காரங்க எப்படி சமாளிக்கிறாங்க

இவ்வளவு சொன்னா பிரிண்ட் பண்ண பிளாஸ்டிக்கே வேண்டாம்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க. 2014 டிசம்பர்ல டெலிவரி ஆன முதல் ஏர்பஸ் ஏ350ல ஸ்ட்ராட்டஸிஸ் மெஷின்ல பிரிண்ட் பண்ண ஆயிரத்துக்கும் மேல பாகங்கள் இருந்துச்சு. அது பீக் இல்ல, அல்டெம் 9085, படிகமாகாத ரகம், நெருப்புப் பிடிச்சா புகையும் நச்சும் குறைவா வரும்ங்குறதால கேபினுக்குள்ள அனுமதி. அந்த அல்டெமுக்கு ஸ்ட்ராட்டஸிஸே போட்டிருக்குற டேட்டாஷீட்டைப் பாருங்க, இழையோட திசையில 69 மெகாபாஸ்கல், லேயருக்குக் குறுக்கே 42. நீட்சி 5.8 சதவீதம், குறுக்கே 2.2. ரெண்டு நம்பரையும் பக்கத்துப் பக்கத்துல போட்டிருக்காங்க. நான் கேக்குறது இந்த நேர்மையைத்தான். 42ன்னு தெரிஞ்சா 42க்கு டிசைன் பண்ணலாம், ஒரு பிரச்சனையும் இல்ல.

அதுக்கு மேலயும் ஒரு வேலை பண்ணாங்க. அமெரிக்காவுல விச்சிட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல இருக்குற என்கேம்ப் அமைப்பு அல்டெம் 9085க்கு விமானத் தரத்துல டேட்டா எடுத்தப்ப, மெட்டீரியலை மட்டும் தகுதிப்படுத்தல. இந்த ரெசின், இந்த மெஷின் மாடல், இந்த செட்டிங், மூணையும் சேத்து ஒண்ணா பூட்டினாங்க. மெஷினை மாத்தினா அந்த நம்பரை அப்படியே எடுத்துட்டுப் போக முடியாது, ஒத்துப் போகுதுன்னு மறுபடி டெஸ்ட் பண்ணிக் காட்டணும். நம்ம ஊர்ல இன்ஜெக்ஷன் மோல்டிங் நம்பரை எடுத்து 80 டிகிரி சேம்பர் பிரிண்டருக்கு ஒட்டுறதும் இதுவும் எவ்வளவு தூரம்னு பாருங்க.

பீக்கோட தம்பி மாதிரி பெக்னு ஒண்ணு இருக்கு, பிஇகேகே. அதுல ரசாயன அமைப்பை மாத்தி படிகமாகுற வேகத்தைக் குறைக்கலாம், உருகுற சூடும் 305 பக்கம் இறங்கும். பூட்டு லேட்டா விழுறதால ஒட்ட நேரம் கிடைக்கும். நாசாவோட ஓரியன் விண்கலத்துக்கு லாக்ஹீட் மார்ட்டின் பிரிண்ட் பண்ண நூத்துக்கு மேற்பட்ட பாகங்கள்ல இந்தக் குடும்பத்து பிளாஸ்டிக்கும் இருக்கு. லேசர் சின்டரிங்ல (பொடியை லேசரால ஒட்டவைக்கிற முறையில) பண்ண பெக் மண்டையோட்டு இம்ப்ளான்ட்டுக்கு அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவி கண்காணிப்பு அமைப்பான எஃப்டிஏ 2013லயே அனுமதி குடுத்துச்சு. பேர்ல இருக்குற மவுசு பீக்குக்குத்தான், ஆனா பிரிண்ட் பண்றவங்க கையில எது நல்லா ஒட்டுமோ அதைப் பேசணும்னு நான் நினைக்கிறேன்.

டிராயிங் போடுறவங்க கிட்ட எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். லோடு எந்தத் திசையில வருதுன்னு ஒரு அம்புக்குறி போடுங்க. எந்தப் பக்கம் நிக்க வச்சு அடிக்கணும்னு குறிக்க ஐஎஸ்ஓ ஏஎஸ்டிஎம் 52921ல முறையே இருக்கு, எக்ஸ்ஒய், இசட்எக்ஸ்னு. அதைப் போட்டுட்டு, இசட் திசையில (லேயருக்குக் குறுக்கே) குறைஞ்சபட்சம் எவ்வளவு வேணும்னு எழுதுங்க. அந்த எண்ணைக் குடுக்க முடியாதவங்க உங்க பார்ட்டை எடுக்க மாட்டாங்க, அது உங்களுக்கு நல்லதுதான். உருண்டையான புஷ், வேர் ரிங் மாதிரி சமாச்சாரத்துக்கு எங்ககிட்டயே வராதீங்க, எக்ஸ்ட்ரூடு ராடு வாங்கி லேத்துல கடைஞ்சா எல்லாத் திசையிலயும் நிக்கும், விலையும் கம்மி. இதைச் சொல்லி நாங்க ஆர்டர் விட்டிருக்கோம், அதுல வருத்தம் இல்ல.

பெரியவர் கதை என்னாச்சுன்னா, சூடான சேம்பர்ல அடிச்சாலும் முன் தட்டுல லேயர் டைம் குறையப் போறது இல்லன்னு ரெண்டு பேரும் பேசி, முன் தட்டையே எடுத்துடலாம்னு முடிவுக்கு வந்தோம். செமி ஓப்பன் இம்பெல்லர். அப்ப விட்டுப் போற அந்த ஜாயின்ட்டே இல்ல. வேன் அடியில பின் தட்டோட சேர்ற முதல் கோடு அப்பவும் குளிர்ந்த கோடுதான், அதனால அங்க பெரிய ரேடியஸ் குடுத்து பரப்பை அகலமாக்கியிருக்கோம். வேனுக்கும் கேசிங்குக்கும் (பம்போட வெளிக்கூடு) நடுவுல இடைவெளி வழியா கொஞ்சம் தண்ணி திரும்பும், எஃபிஷியன்சி அடி வாங்கும். எவ்வளவு அடின்னு அவரோட டெஸ்ட் பெட்ல போட்டாத்தான் தெரியும். "ரெண்டு மூணு பாயின்ட் போனா போகட்டும் தம்பி, கழண்டு வராம இருந்தா சரி"ன்னுட்டு, கேசிங்கை வார்க்குற பேட்டர்னை மாத்தக் குடுத்திருக்கார்.